அடிபட்ட தெருப்பூனை: சிகிச்சைக்கு அப்புறம் எங்கே விடுவது? காப்பகம், தற்காலிக வீடு, தத்தெடுப்பு - முழு விவரம்

பைக் மோதி பின்னங்காலை இழுத்துக்கொண்டு போகும் பூனை. மொட்டை மாடி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் புண்ணோடு பதுங்கிக் கிடக்கும் பூனை. மழைக்கு காரின் இன்ஜின் பக்கம் ஒதுங்கி, வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அடிபட்ட பூனை. பார்த்ததும் மனசு கேட்காமல் நின்றுவிடுகிறோம். அடுத்து பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். பக்கத்தில் பூனைக் காப்பகம் எங்கே இருக்கிறது என்று செல்போனில் தேடி, வருகிற நம்பருக்கெல்லாம் போன் போடுவது. பல இடங்களில் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: "சாரிங்க, இடமில்ல."

ஏன் இடமில்லை என்கிறார்கள்? அப்படிச் சொன்னால் அந்தப் பூனையை என்ன செய்வது? காப்பகத்தை எப்படி அணுகினால் உதவி கிடைக்கும்? நல்ல வீட்டைத் தேடுவது எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்ட பூனைக்குத் தேவைப்படுவது ஒரு இடம் இல்லை, மூன்று இடங்கள். முதலில் சிகிச்சைக்கு ஒரு மருத்துவமனை. அடுத்து, காயம் ஆறும்வரை சில வாரங்களுக்கு ஒரு தற்காலிக வீடு. கடைசியாக, நிரந்தரமாக இருக்க ஒரு வீடு. மூன்றையும் காப்பகமே செய்துவிடும் என்று நினைத்து போன் போடுகிறோம். அதனால்தான் பல முயற்சிகள் நடுவழியில் நின்றுவிடுகின்றன. பெரும்பாலும் கிடைக்காமல் போவது நடுவில் இருக்கும் அந்தத் தற்காலிக வீடுதான்.

*முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?*

வலியில் இருக்கும் பூனை, எவ்வளவு சாதுவாக இருந்தாலும் கடிக்கும், பிராண்டும். வெறும் கையால் தூக்கக் கூடாது. பெரிய டவல் அல்லது போர்வையை மேலே போட்டு, தலையோடு சேர்த்து மூடி, அப்படியே சுருட்டித் தூக்க வேண்டும். மூடி உள்ள பிளாஸ்டிக் கூடை, காற்று போக ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி எதுவானாலும் போதும். உள்ளே பழைய துணியை விரியுங்கள். பெட்டியை மேலே துணியால் மூடி இருட்டாக்கினால் பூனை ஓரளவு அமைதியாகும். எலும்பு முறிந்திருக்கும் என்று தோன்றினால் குச்சி வைத்துக் கட்ட முயல வேண்டாம். அசைவு குறைவாக இருக்கும்படி எடுத்துச் சென்றாலே போதும்.

கீழே உள்ளவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கவே கூடாது:

- வாயைத் திறந்து மூச்சு வாங்குவது. நாய் இப்படிச் செய்வது சாதாரணம், பூனை செய்தால் ஆபத்து.
- ஈறு வெளுத்துப் போயிருப்பது அல்லது நீலம், பழுப்பு நிறத்தில் இருப்பது.
- பின்னங்கால்கள் இரண்டும் அசையாமல் இருப்பது.
- வால் உயிரில்லாமல் தொங்குவது. வண்டிச் சக்கரத்தில் வால் சிக்கி இழுபட்டால், சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளும் சேதமாகலாம்.
- ஒரு நாள் முழுக்க சிறுநீர் போகாமல் இருப்பது.
- உடம்பு தொட்டால் சில்லென்று இருப்பது.

மாடியில் இருந்து விழுந்த பூனை எழுந்து நடக்கிறது என்பதற்காக ஒன்றுமில்லை என்று விட்டுவிடக் கூடாது. நியூயார்க்கில் உயரமான கட்டடங்களில் இருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987-ல் ஒரு ஆய்வு வெளியானது. சிகிச்சை பெற்ற பூனைகளில் சுமார் 90 சதவீதம் பிழைத்தன. ஆனால் பல பூனைகளுக்கு நெஞ்சுக்குள் காயம், தாடை மற்றும் மேல் அண்ணத்தில் முறிவு இருந்தது. வெளியே பார்த்தால் தெரியாத காயங்கள் இவை.

*வீட்டு மருந்து கொடுக்கலாமா?*

கூடவே கூடாது. நல்ல எண்ணத்தில் செய்யும் முதலுதவியே பூனையைக் கொன்றுவிடும் இடம் இது.

பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அந்த மருந்தைச் சிதைக்கத் தேவையான நொதி பூனையின் கல்லீரலில் போதுமான அளவு கிடையாது. நாம் போடும் 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதி போதும், ஒரு பூனையின் உயிர் போக. மனிதர்களுக்கான மற்ற வலி மாத்திரைகளும் கொடுக்கக் கூடாது.

டெட்டால், பினாயில் போன்றவற்றை வைத்துப் புண்ணைத் துடைக்கக் கூடாது. அவற்றில் உள்ள பீனால் வகை ரசாயனங்கள் பூனைக்கு ஆகாது. பூனை தன் உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும் என்பதால் தோலில் தடவியது வயிற்றுக்கும் போய்விடும். புழு வைத்த புண்ணில் மண்ணெண்ணெய், டர்பன்டைன், கற்பூரம் போடும் பழக்கம் நம்ம ஊரில் இருக்கிறது. பூனைக்கு இது எதுவும் வேண்டாம். நாய்க்கான உண்ணி மருந்தும் வேண்டாம். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும்.

பிறகு எதைத்தான் போடுவது? அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு, ஆறவைத்து அதைக் கொண்டு மேலாகக் கழுவலாம். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடிக்கலாம். அவ்வளவுதான். மீதியை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

குட்டியாக இருந்தால் முதலில் சூடு, அப்புறம்தான் பால். உடம்பு குளிர்ந்திருக்கும் குட்டிக்குப் பால் கொடுத்தால் ஜீரணம் ஆகாது, மூச்சுக்குழாய்க்குள் போகவும் வாய்ப்பு உண்டு. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, உடம்பு சூடான பிறகு கொடுக்க வேண்டும். பசும்பாலுக்குப் பதில் பூனைக்குட்டிகளுக்கான பால் பவுடர் கடைகளில் கிடைக்கிறது, அதுதான் நல்லது.

*பூனை கடித்துவிட்டால்?*

"பூனைதானே, நாய் இல்லையே" என்று விட்டுவிட வேண்டாம். பூனைக்கும் ரேபிஸ் வரும், பூனையிடமிருந்து மனிதருக்கும் பரவும். கடித்த அல்லது ரத்தம் வரும்படி பிராண்டிய இடத்தைச் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28-ம் நாள் என நான்கு முறை வரச் சொல்வார்கள். காயம் ஆழமாக இருந்தால், கடித்த இடத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படலாம்.

பூனையின் பல் ஊசி மாதிரி. வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், கிருமி உள்ளே ஆழமாகப் போயிருக்கும். கடித்த கை ஒரே நாளில் வீங்கிச் சிவந்தால் மறுபடியும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

*எங்கே கொண்டு போவது?*

சென்னையில் இருந்தால் வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முக்கியமான இடம். 1903-ல் தொடங்கப்பட்ட கல்லூரி இது. நாய், பூனை போன்ற சிறு பிராணிகளுக்குத் தனிப் பிரிவு, ஸ்கேன், எக்ஸ்ரே, அறுவை சிகிச்சை எல்லாம் ஒரே இடத்தில் உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி உள்ளிட்ட இடங்களிலும் கல்லூரிகளும் அவற்றுக்கான மருத்துவமனைகளும் இருக்கின்றன.

மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகம், கால்நடை மருத்துவமனைக்குப் போகலாம். ஆடு மாடுதான் அங்கே அதிகம் வரும் என்றாலும், பூனைக்கும் முதல்கட்ட சிகிச்சை கிடைக்கும். கால்நடை ஆம்புலன்ஸுக்கான எண் 1962. இது பெரும்பாலும் கால்நடை வளர்ப்போருக்கான சேவை. எனவே பூனைக்கு வருவார்களா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வரும்வரை காத்திருப்பதைவிட ஒரு ஆட்டோ பிடிப்பது பெரும்பாலும் வேகமான வழி.

தன்னார்வ அமைப்புகளில், சென்னையில் 1959-ல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் ஆஃப் இந்தியா எல்லோருக்கும் தெரிந்த பெயர். வேப்பேரியில் எஸ்.பி.சி.ஏ. இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு எஸ்.பி.சி.ஏ., அதாவது பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்று 2001-ல் வந்த மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. உங்கள் மாவட்டத்தில் அது எங்கே இயங்குகிறது என்பதை மாவட்ட கால்நடை பராமரிப்புத் துறை அலுவலகத்தில் கேட்கலாம்.

மருத்துவரிடம் பூனையைக் காட்டும்போது இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டு, பதிலை செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் காப்பகத்திடமும், தத்தெடுக்க வருபவரிடமும் சொல்ல வேண்டியது இதைத்தான்.

1. ஆணா, பெண்ணா, சுமாராக என்ன வயது? பெண் என்றால் சினையாக இருக்கிறதா?
2. காயம் என்ன? ஆபரேஷன் வேண்டுமா, கூண்டில் ஓய்வு கொடுத்தால் போதுமா?
3. தானாகச் சிறுநீர், மலம் போகிறதா?
4. எத்தனை நாள் மருந்து, அடுத்து எப்போது வர வேண்டும்?
5. மொத்தச் செலவு சுமாராக எவ்வளவு ஆகும்?

மூன்றாவது கேள்வி ரொம்ப முக்கியம். முதுகெலும்பில் அடிபட்டுத் தானாகச் சிறுநீர் போக முடியாத பூனைக்கு, தினமும் இரண்டு மூன்று முறை அடிவயிற்றை அழுத்தி வெளியேற்ற வேண்டும். அப்படிப்பட்ட பூனைக்கு இடம் தேடுவதும், காலில் மட்டும் அடிபட்ட பூனைக்கு இடம் தேடுவதும் ஒன்றல்ல.

*காப்பகம் ஏன் 'இடமில்லை' என்கிறது?*

பூனை ஓராண்டில் பல முறை குட்டி போடும். கர்ப்பகாலம் இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். குட்டி போடும் பருவத்தில் காப்பகங்களின் வாசலில் அட்டைப் பெட்டிகள் வந்து சேரும். உள்ளே வருகிற வேகத்துக்கு வெளியே தத்து போவதில்லை. நாட்டுப் பூனை, அதிலும் வளர்ந்த பூனை என்றால் கேட்டு வருபவர்கள் குறைவு. கறுப்புப் பூனை என்றால் சகுனம் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இடத்தைவிடப் பெரிய காரணம் தொற்று நோய். பூனைகளைத் தாக்கும் பேன்லுகோபீனியா என்ற வைரஸ், தடுப்பூசி போடாத குட்டிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்குச் சாகாது. தெருவிலிருந்து வரும் ஒரு பூனையை இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்க்காமல் மற்ற பூனைகளோடு விட்டால், காப்பகம் முழுக்கவே காலியாகிவிடலாம். தனியாக வைக்க அறை இல்லை என்பதைத்தான் பலர் "இடமில்ல" என்ற ஒரே வார்த்தையில் சொல்கிறார்கள்.

உங்கள் பூனைக்கும் இதே கணக்குதான். அடிபட்டு, எதிர்ப்புச் சக்தி குறைந்து, தடுப்பூசியும் போடாத பூனையை நெரிசலான காப்பகத்தில் விட்டால், கால் குணமாகும் முன் வேறு நோயில் போய்ச் சேரலாம். "எப்படியாவது எடுத்துக்கோங்க" என்று கெஞ்சிக் கேட்டு, ஏற்கெனவே நிரம்பி வழியும் இடத்தில் விட்டுவிட்டு வருவது எப்போதும் காப்பாற்றியதாக ஆகாது.

*காப்பகத்திடம் எப்படிக் கேட்பது?*

"ஒரு பூனை அடிபட்டுக் கிடக்கு, வந்து எடுத்துட்டுப் போங்க" என்ற செய்திக்குப் பதில் வருவது கஷ்டம். காரணம், அதில் எதுவுமே தெரியவில்லை. அதே நேரம் இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிப் பாருங்கள்:

"வணக்கம். பெரம்பூரில் பின்னங்கால் முறிந்த பெண் பூனை, வயது சுமார் ஒன்று. இன்று கால்நடை மருத்துவரிடம் காட்டியாச்சு, எக்ஸ்ரே இணைத்திருக்கிறேன். இடுப்பு எலும்பு முறிவு, ஆபரேஷன் வேண்டாம், ஆறு வாரம் கூண்டில் ஓய்வு என்றார். தானாகச் சிறுநீர் போகிறது. மருந்துச் செலவை நான் ஏற்கிறேன். ஒரு வாரம் என் வீட்டில் வைத்திருக்க முடியும். அதற்குப் பிறகு தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நானே கொண்டு வந்து விடுகிறேன்."

வித்தியாசம் புரிகிறதா? ஊர், காயம், மருத்துவர் சொன்னது, நீங்கள் செய்யத் தயாராக இருப்பது என நான்கும் இதில் இருக்கிறது. காப்பகத்தில் இடம் இல்லாவிட்டாலும், அவர்களுக்குத் தெரிந்த தன்னார்வலர் குழுவுக்கு இந்தச் செய்தியை அப்படியே அனுப்பிவிடுவார்கள். பூனை முகம் தெளிவாகத் தெரியும் ஒரு படம், நடக்கும் 10 விநாடி வீடியோ, இரண்டும் சேர்த்து அனுப்புங்கள். ரத்தம் வழியும் படத்தை மட்டும் பொதுவெளியில் போட்டால் 'ஐயோ பாவம்' என்ற பதில்தான் நிறைய வரும்.

"எடுத்துக்கோங்க" என்பதற்குப் பதில் குறிப்பான உதவி கேட்பது இன்னொரு வழி. கூண்டு இரவல் கிடைக்குமா, குறைந்த செலவில் ஆபரேஷன் செய்யும் மருத்துவர் யார், கருத்தடை ஆபரேஷனுக்குத் தேதி தருவீர்களா என்று கேட்டால் "சரி" என்று சொல்வது அவர்களுக்கும் சுலபம்.

*நல்ல காப்பகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?*

முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். கவனிக்க வேண்டியவை:

- புதிதாக வரும் பூனைகளைத் தனியாக வைக்கிறார்களா?
- மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறார்?
- கருத்தடை செய்த பிறகுதான் தத்துக் கொடுக்கிறார்களா?
- தண்ணீர், மணல் தொட்டி சுத்தமாக இருக்கிறதா? பல பூனைகளுக்கு ஒரே நேரத்தில் கண்ணில் பீளை, மூக்கில் சளி இருக்கிறதா?
- விட்டுவிட்டு வந்த பிறகு பூனையின் நிலையைத் தெரிந்துகொள்ள அனுமதிப்பார்களா?

வாசலிலேயே நிறுத்தி, பணமும் பூனையும் மட்டும் வாங்கிக்கொண்டு, உள்ளே பார்க்கவே முடியாது என்றால் யோசியுங்கள். நோய்த் தொற்று பயத்தால் சில அறைகளுக்குள் விடாமல் இருப்பது நியாயம். எதையுமே காட்ட மறுப்பது அப்படி இல்லை.

பண விஷயத்திலும் கவனம் தேவை. வேறு யாரோ எடுத்த பழைய படத்தைப் போட்டு, அடிபட்ட பூனைக்கு உதவி கேட்டுப் பணம் சுருட்டுபவர்கள் சமூக வலைதளங்களில் இருக்கிறார்கள். மருத்துவமனையின் பெயர், பில், இன்றைய தேதியில் எடுத்த வீடியோ கேளுங்கள். முடிந்தவரை பணத்தை மருத்துவமனைக்கே நேரடியாகக் கட்டுங்கள். நீங்கள் நிதி திரட்டினாலும் இதே போல பில்லைப் பகிர்ந்துவிடுங்கள்.

*காப்பகத்தில் இருக்கும் அடிபட்ட பூனையை நாம் எடுத்து வரலாமா?*

தாராளமாக. ஒரு பூனையை நீங்கள் எடுத்தால் அங்கே ஒரு கூண்டு காலியாகும், அடுத்து வரும் பூனைக்கு அந்த இடம் கிடைக்கும். எடுக்கும் முன் மருத்துவக் குறிப்பின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். என்ன தடுப்பூசி போட்டார்கள், பூச்சி மருந்து எப்போது கொடுத்தார்கள், எஃப்.ஐ.வி., எஃப்.இ.எல்.வி. சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். இவை இரண்டும் பூனைகளுக்குள் பரவும் வைரஸ்கள். முதலாவது பெரும்பாலும் கடியில் பரவும், இரண்டாவது எச்சிலில் பரவும். மனிதருக்கு வராது. ஆனால் வீட்டில் வேறு பூனை இருந்தால் இந்த முடிவு தெரியாமல் சேர்த்து வைக்கக் கூடாது.

தற்காலிகமாக எடுக்கிறீர்களா, நிரந்தரமாகவா என்பதை எழுத்தில் போட்டுக்கொள்வது நல்லது. மருந்துச் செலவு யாருடையது, முடியாமல் போனால் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

*தற்காலிக வீடு: ஒரு பாத்ரூம் போதும்*

"எங்க வீட்ல இடம் இல்லையே" என்று நினைப்பவர்கள்தான் அதிகம். எலும்பு முறிந்த பூனைக்குப் பெரிய இடம் தேவையே இல்லை. சொல்லப்போனால் பெரிய இடம் கெடுதல். தாவிக் குதித்தால் எலும்பு கூடாது. பூனைகளுக்கு ஏற்படும் இடுப்பு எலும்பு முறிவுகளில் பல, நான்கு முதல் ஆறு வாரம் கூண்டில் அசையாமல் இருந்தாலே கூடிவிடுபவை. அதிகம் புழங்காத ஒரு பாத்ரூம், பால்கனியை ஒட்டிய சின்ன அறை, நாய்க்கான நடுத்தரக் கூண்டு, இதில் எது இருந்தாலும் போதும்.

தேவையானவை இவ்வளவுதான்: படுக்க மடித்த துணி, ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப் பெட்டி, தண்ணீர்க் கிண்ணம், சாப்பாட்டுத் தட்டு, மலம் கழிக்க உயரம் குறைந்த ஒரு டிரே. ஆபரேஷன் ஆன பூனைக்கு டிரேயில் மணலுக்குப் பதில் கிழித்த செய்தித்தாளைப் போடுங்கள், புண்ணில் மணல் ஒட்டாது. தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு வடிவப் பட்டையைக் கழற்றாமல் வைத்திருங்கள்.

வேகவைத்த கோழி அல்லது மீனை முள், எலும்பு நீக்கிக் கொடுக்கலாம். பூனை உணவுப் பாக்கெட்டும் கொடுக்கலாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, வயிற்றுப்போக்கு வரும். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புச் சோறு கூடாது. இரண்டு நாளுக்கு மேல் எதுவுமே சாப்பிடவில்லை என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரல் பாதிக்கப்படும்.

வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் இரண்டு வாரமாவது இரண்டையும் பார்க்கவிடாமல் வையுங்கள். தட்டு, டிரே தனித்தனி. புதுப் பூனையைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் உங்கள் பூனையைத் தொட வேண்டும். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் பூனையின் டிரேயை அவர்கள் சுத்தம் செய்யக் கூடாது. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் இருக்க வாய்ப்பு உண்டு.

ஒரு வீட்டால் ஆறு வாரம் முடியாது என்றால், மூன்று வீடுகள் இரண்டிரண்டு வாரமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் இடம் கொடுக்க, இன்னொருவர் மருந்துச் செலவைப் பார்க்க, மூன்றாமவர் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக, அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் இருந்தே பல பூனைகள் இப்படிக் காப்பாற்றப்படுகின்றன.

*நிரந்தர வீடு தேடும்போது*

உடம்பு தேறிய பிறகு படம் எடுங்கள். வெளிச்சத்தில், கண் தெரியும்படி. காலில் குறை இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மூன்று காலோடு பூனை ஓடும், ஏறும், விளையாடும். ஒரு கண் போன பூனையும் வீட்டுக்குள் சாதாரணமாக வாழும். வீடியோவைப் பார்த்தால் கேட்பவர்களுக்கே அது புரிந்துவிடும்.

கொடுக்கும் முன் கருத்தடை, தடுப்பூசி இரண்டும் முடிந்திருப்பது நல்லது. மருத்துவர்கள் ட்ரைகேட் என்று சொல்லும் மூன்று நோய்களுக்கான தடுப்பூசியும், தனியாக ரேபிஸ் தடுப்பூசியும் அவசியம். பார்க்கப் பெர்ஷியன் கலப்பு மாதிரி இருக்கும் பூனை என்றால் கருத்தடை செய்யாமல் கொடுக்கவே வேண்டாம். குட்டி போடவைத்து விற்பதற்காகவே கேட்பவர்கள் உண்டு.

தத்து கேட்டு வருபவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

- வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? வாடகை வீடு என்றால் உரிமையாளருக்குத் தெரியுமா?
- பால்கனி, ஜன்னலுக்கு வலை இருக்கிறதா?
- ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்?
- இதற்கு முன் வளர்த்த பூனைக்கு என்ன ஆனது?
- முடியாமல் போனால் தெருவில் விடாமல் என்னிடமே திருப்பித் தருவீர்களா?

முடிந்தால் நீங்களே கொண்டு போய் விடுங்கள், வீட்டையும் பார்த்த மாதிரி ஆகும். கேள்வி கேட்டதற்கே கோபப்படுபவரிடம் கொடுக்க அவசரப்பட வேண்டாம். முதல் மாதம் வாரம் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். சென்னையில் வீட்டில் வளர்க்கும் பூனைக்கு மாநகராட்சி உரிமம் பெற வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

*எல்லாப் பூனைக்கும் வீடு வேண்டுமா?*

இல்லை. மனிதரோடு பழகாமலேயே வளர்ந்த பூனையை நான்கு சுவருக்குள் வைப்பது அதற்குத் தண்டனை. காயம் ஆறி, நன்றாக நடந்து, ஓடி, ஏற முடிகிறது என்றால் கருத்தடை செய்து, அடையாளமாகக் காது நுனியைச் சிறிது கத்தரித்து, எடுத்த இடத்திலேயே விடுவதுதான் சரி. அந்தத் தெருவில் சாப்பாடு எங்கே கிடைக்கும், எங்கே ஒளியலாம் என்பது அதற்குத் தெரியும். வேறு ஏரியாவில், மீன் மார்க்கெட்டில், கோயில் வளாகத்தில் கொண்டு போய் விடுவது அதைக் கைவிடுவதற்குச் சமம்.

எடுத்தது தாய்ப் பூனையாக இருக்கலாம். மடி பால் கட்டியிருந்தால் குட்டிகள் பக்கத்தில் எங்கோ இருக்கின்றன என்று அர்த்தம். எடுத்த இடத்தைச் சுற்றி உடனே தேடுங்கள்.

இன்னொரு கடினமான உண்மையும் உண்டு. சில பூனைகளைக் காப்பாற்ற முடியாது. தீராத வலியில், குணமாக வழியே இல்லாத நிலையில், வலியில்லாமல் உயிர் பிரியவிடுவதே நல்லது என்று மருத்துவர் சொல்லலாம். அந்த முடிவை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். ஆனால் பின்னங்கால் வரவில்லை, ஒரு கண் இல்லை என்பது மட்டும் அதற்குக் காரணம் ஆகாது. சந்தேகம் இருந்தால் இரண்டாவது மருத்துவரிடம் காட்டிக் கேட்பதில் தவறில்லை.

*சட்டம் என்ன சொல்கிறது?*

பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் அதற்குத் தொடக்கம். அந்தச் சட்டத்தின்படி 1962-ல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். சென்னையில் இயங்கி வந்த அந்த வாரியத்தின் தலைமையகம் 2018-ல் ஹரியானாவுக்கு மாறியது.

அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவு, பிராணியை அடிப்பது, துன்புறுத்துவது, பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது எல்லாவற்றையும் குற்றம் என்கிறது. ஆனால் முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். பிராணியைக் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. யாராவது வேண்டுமென்றே பூனையைக் காயப்படுத்தியது தெரிந்தால், மருத்துவரின் குறிப்பு, படம், சிசிடிவி காட்சியோடு காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

"அபார்ட்மெண்ட்ல பூனை வளர்க்கக் கூடாது" என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியுமா? முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதே நேரம் அக்கம்பக்கத்தினருக்குத் தொந்தரவு இல்லாமல், சுத்தமாக வைத்திருப்பது வளர்ப்பவரின் பொறுப்பு.

*சுருக்கமாகச் சொன்னால்...*

- டவலால் மூடித் தூக்குங்கள், பெட்டியில் வைத்து மருத்துவரிடம் கொண்டு போங்கள்.
- பாராசிட்டமால், டெட்டால், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம்.
- கடித்தால் 15 நிமிடம் சோப்பு போட்டுக் கழுவி, அன்றே ரேபிஸ் ஊசி.
- மருத்துவர் சொன்ன விவரங்களோடு காப்பகத்துக்குச் செய்தி அனுப்புங்கள்.
- காப்பகம் கிடைக்கும்வரை ஒரு பாத்ரூம், ஒரு கூண்டு, ஆறு வாரம். முடியாவிட்டால் பகிர்ந்துகொள்ளுங்கள்.
- கருத்தடை, தடுப்பூசி முடித்து, கேள்வி கேட்டுத் தத்துக் கொடுங்கள்.
- பழகாத பூனை என்றால், குணமானதும் எடுத்த இடத்திலேயே விடுங்கள்.

மழைக்காலத்தில் காரை எடுக்கும் முன் பானட்டை இரண்டு தட்டு தட்டுங்கள். உள்ளே பூனை படுத்திருந்தால் ஓடிவிடும்.